சாமி வராத அடி

ஜூன் 3, திங்கள்

வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் ராசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீத் பாய் ரேடியோவுக்கு ஒரு விளம்பரப் பாட்டு கேட்டிருக்கிறார். பாடுவது வேறு ஆள், தாளம் மட்டும் நான். முதலில் போட்டுக் கொடுத்ததைக் கேட்டு, "கல்யாண வீடு மாதிரி இருக்கு தம்பி" என்றார். மாற்றிக் கொடுத்தேன். "இது சாவு வீடு லா" என்றார். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதை மவுஸை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் தோளில் உறுமி மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்க் கோயில்களில் அடித்தவன் நான். மணிக்கட்டு போன பிறகு இந்தத் திரையில் அடிக்கிறேன். திரையில் நேரம் கட்டம் கட்டமாக இருக்கும். எந்தக் கோட்டில் ஒரு பச்சைத் துண்டை வைக்கிறேனோ அங்கே ஒரு அடி விழும். கை வலிக்காது. முதுகுதான் வலிக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

காலையிலேயே இராஜமாணிக்கம் வந்துவிட்டார். லிங்கி பக்கம் எங்கள் பழைய தோட்டத்து அம்மன் கோயிலுக்குத் தலைவர். தோட்டத்தில் இப்போது நம் ஆட்கள் யாரும் இல்லை, செம்பனை மரங்கள் மட்டும்தான் இருக்கின்றன. ஆனாலும் ஆடித் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருந்து எல்லோரும் கார் போட்டு வந்துவிடுவார்கள்.

போன வருஷம் கூப்பிட்ட இரண்டு மேளக் குழுவும் யார் முன்னால் போவது என்று கோயில் வாசலிலேயே அடித்துக்கொண்டார்கள். ஒருத்தனுக்கு மண்டையில் தையல். அதனால் இந்த வருஷம் குழுவே வேண்டாம் என்று கமிட்டியில் முடிவாம்.

"நீ லேப்டாப்புல போட்டுரு செல்வம். பெரிய ஸ்பீக்கர் வச்சிக்கலாம். சாமி அழைப்புக்கு மட்டும் அடி கரெக்டா இருக்கணும்."

"தலைவரே, மெஷின் அடிக்குச் சாமி வருமா?"

"ஒங்கக்கா மேல வராம வேற யார் மேல வரப்போவுது?"

எங்கள் வழக்கம் அப்படி. ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து வைப்பார்கள். அம்மன் என் அக்கா பஞ்சாலை மேல் இறங்கி, அவள் கையால் எடுத்தால்தான் கரகம் தரையை விட்டு எழும். பிறகு அவள் தலையில் கரகத்தோடு தார்ச்சாலையில் கோயில் வரை நடப்பாள். கோயிலில் எல்லோருக்கும் வாக்குச் சொல்வாள். அப்பா காலத்திலிருந்தே அவள்தான்.

சரி என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு எப்போது தெரிந்தது?

ஜூன் 14, வெள்ளி

வேலை விட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நாலைந்து செருப்புகள். வெள்ளிக்கிழமை என்றால் வாக்குக் கேட்க ஆட்கள் வந்துவிடுவார்கள். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா, மருமகள் திரும்பி வருவாளா, லாரி வாங்கலாமா. அன்றைக்கு மேளம் கிடையாது, சாமியும் வராது. ஆனாலும் அவள் ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடக் கேண்டீனில் நாளெல்லாம் பாத்திரம் கழுவிவிட்டு வந்து இதையும் பார்க்கிறாள்.

எல்லோரும் போன பிறகு கால்களை நீட்டி உட்கார்ந்தாள். நான் வலது பாதத்தைப் பார்த்தேன். போன வருஷத் தார்ச்சூட்டில் கொப்பளித்த புண். அக்காவுக்கு இனிப்பு நீர் வியாதி, எந்தப் புண்ணும் லேசில் ஆறாது. ஒரு விரலை எடுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சொல்லவேயில்லை, கழுதை.

"டாக்டரு சொல்லிட்டாரு தம்பி. இன்னொரு தடவ இப்படி ஆனா முட்டிக்குக் கீழ எடுத்துருவாங்களாம்."

"அப்பறம் என்னத்துக்குப் போற? வரலன்னு சொல்லிடு."

"கிளினிக்குல காலுக்கு எம்.சி. தராங்க, லீவு போட. சாமிக்கு எவன்டா எம்.சி. தருவான்? வீட்டுல இருந்தாலும் வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. அங்க போய் நின்னு, அந்த அடி காதுல விழுந்துச்சுன்னா அப்பறம் என் கையில ஒண்ணும் இல்ல. காலு சுடுதுன்னுகூடத் தெரியாது."

செருப்புப் போட்டுக்கொண்டு ஆடக் கூடாதா என்று கேட்டேன். முறைத்தாள். காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீதானே அடி போடப் போறியாம்?"

"ஆமா."

"வராத மாதிரி ஒண்ணு போட்டுக் குடு."

ஜூன் 15, சனி

லோகேஸ்வரியிடம் சொன்னேன். என் மனைவி எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். இதற்கு மட்டும் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"சாமி வராம இருக்க அடியா? பாவம் இல்லையாங்க?"

"காலு போனா?"

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். "அண்ணி கேட்டிருக்காங்கன்னா செஞ்சி குடுங்க" என்றாள்.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் லீவு. நாள் பூராவும் இதே வேலை.

வராத அடி போட வேண்டும் என்றால் முதலில் வருகிற அடி எது என்று தெரிய வேண்டாமா? அதனால் நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த சாமி அழைப்பை அப்படியே திரையில் போட்டேன். என் சொந்த உறுமியின் ஒலிகளைப் பழைய நாளிலேயே பதிந்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் குச்சியால் அடிக்கிற அடி, மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்க்கிற உறுமல், கூடத் தப்பு மேளம்.

கோட்டின்மேல் சரியாக வைத்தால் செத்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே தள்ள வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் கால்களை நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் முடிந்தது. அவள் ஆடும்போது எங்கள் அடி விழுந்து ஒரு கணம் பிந்தித்தான் அவள் கால் விழும். அதுவும் ஒரே அளவாக இருக்காது. அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து நாங்கள் அடியை இழுத்துக்கொண்டே போவோம். மேளத்துக்காகச் சாமி நிற்காது, மேளம்தான் சாமி பின்னால் போக வேண்டும். எங்கள் குழுவில் இது தெரியாதவன் எவனும் உறுமியைத் தொட்டதில்லை.

சாயங்காலம் முழுசாகப் போட்டுக் கேட்டேன். கை மயிர் நட்டுக்கொண்டது. அடுப்படியிலிருந்து லோகேஸ்வரி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு விபூதி பூசிக்கொண்டாள்.

ஜூன் 22, சனி

தப்புப் பண்ணிவிட்டேன்.

சின்ன ஸ்பீக்கரில்தானே, ஒன்றும் ஆகாது என்று அக்கா வீட்டில் போட்டுக் காட்டினேன். உறுமல் ஆரம்பித்ததுதான் தாமதம், சோபாவைப் பிடித்திருந்த அவள் கை ஆட ஆரம்பித்தது. கண் மேலே போய்விட்டது. நான் பட்டனைத் தேடுகிறேன், கிடைக்க மாட்டேன் என்கிறது, என்ன எழவு கம்ப்யூட்டர் இது — ஒயரையே பிடுங்கிவிட்டேன்.

அக்கா வேர்த்து ஊற்றிக் கிடந்தாள். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் என்னை யாரென்று தெரியாத மாதிரிப் பார்த்தாள். புண் இருந்த இடத்தில் துணி நனைந்திருந்தது. உட்கார்ந்தபடியே காலைத் தரையில் அடித்திருக்கிறாள்.

"இத அங்க போட்டேன்னா நான் அவ்வளவுதான்டா" என்றாள்.

வழி முழுக்க சிக்னல் லைட்டைக்கூடச் சரியாகப் பார்க்காமல்தான் கார் ஓட்டி வந்தேன். மெஷின் அடிக்குச் சாமி வருமா என்று தலைவரிடம் கேட்டேனே, இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூன் 29, சனி

உறுமலை எடுத்தேன். எல்லா அடியையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் எல்லாத் துண்டுகளையும் கோட்டுக்கு இழுக்கிற பட்டனை அமுக்கினேன். பள்ளிக்கூட அசெம்பிளியில் பிள்ளைகள் நிற்கிற மாதிரி எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அதே அடி. அதே தாளம். ஆனால் உள்ளே யாரும் இல்லை.

பிற்பகல் அக்காவுக்குப் போட்டேன். இந்த முறை ஒயரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரை கேட்டாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"லிஃப்டுல நிக்கிற மாதிரி இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். இந்த மாதத்தில் சிரித்தது இன்றைக்குத்தான். நான் கிளம்பும்போது வாசல் வரை நொண்டிக்கொண்டு வந்து, "ஆத்தா கோவிச்சுக்க மாட்டாள்ல?" என்று கேட்டாள். மாட்டாள் என்றேன். எனக்கென்ன தெரியும்.

ஜூலை 4, வியாழன்

தலைவர் கேட்டுவிட்டார். ரொம்பப் பிடித்துவிட்டது. "குழுக்காரனுங்க அடிச்சா கச்சடாவா இருக்கும். இது எவ்வளவு கிளீனா இருக்கு பாரு" என்றார். தலையாட்டினேன். பாயின் விளம்பரமும் ஒருவழியாக ஓகே ஆகிவிட்டது.

ஜூலை 20, சனி

கொடியேற்றம். அக்கா காப்புக் கட்டிக்கொண்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

திருவிழா முடிந்தது. இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் எனக்கே நம்பிக்கை இருக்காது.

காலையில் ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். ஜெனரேட்டர், ஆள் உயர ஸ்பீக்கர், அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் மேஜையில் என் லேப்டாப். மஞ்சள் சேலையில் அக்கா கரகத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். பூசாரி கற்பூரம் காட்டி என்னைப் பார்த்தார். அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அடி முடிந்தது. மறுபடி போட்டேன். அக்கா அப்படியே நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி. எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது.

வெயில் ஏற ஆரம்பித்தது. தலைவர் வந்து, "சவுண்ட ஏத்து, சவுண்ட ஏத்து" என்றார். ஏற்றினேன். கூட்டத்தில் சலசலப்பு. யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். "இந்த வருஷம் ஆத்தா வரமாட்டாளா" என்று இன்னொருத்தி. நாங்கள் நினைத்தது இதுதான் — சாமி வராது, கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு பூசாரியே கரகத்தை எடுத்துக்கொண்டு போவார், பேசுகிறவர்கள் மெஷினைத்தான் குறை சொல்வார்கள். என்னை நாலு பேர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

ஆனால் யாரும் மெஷினைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள்.

"காப்பு கட்டினப்பறம் வீட்டுல ஏதாச்சும் தீட்டு நடந்துச்சா?" தலைவர் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார். "கவிச்சி கிவிச்சி பட்டுச்சா? சொல்லிடு பஞ்சாலை. ஊரே நிக்குது."

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிடலாம் என்று மேஜையை விட்டு நகர்ந்தேன். லோகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தலைவரைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கிக் கொண்டையை அவிழ்த்துவிட்டு ஓங்கிக் கத்தினாள்.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. போச்சு, காலு போச்சு என்று நான் லேப்டாப்பை மூடப் போனேன். அப்போதுதான் அவள் பாதங்களைப் பார்த்தேன்.

கால் பிந்தவில்லை. ஒரு கணம்கூடப் பிந்தவில்லை. நான் எந்தக் கோட்டில் எந்தத் துண்டை வைத்தேனோ, சரியாக அங்கே அவள் கால் விழுந்தது. இத்தனை வருஷமாக நாங்கள் பார்த்துப் பார்த்துத் துரத்திய கால், இன்றைக்கு என் செத்த அடிக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வந்தது. சாமி இல்லை. என் அக்காதான் ஆடினாள். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

"எவன்டா இங்க தலைவன்?"

இராஜமாணிக்கம் ஓடிவந்து விழுந்தார். "தாயே."

"இவளையாடா தீட்டுன்னு சொன்ன?"

"தப்புதான் தாயே."

"இந்தக் கட்ட தேஞ்சு போச்சுடா. வெரலு போச்சு, கண்ணு போவுது. இன்னும் எத்தன வருசம்டா இது மேல ஏறி நடப்பேன்? போதும். இவள நான் விட்டுட்டேன். இனிமே இவ வீட்டு வாசல்ல எவனும் வந்து நிக்கக் கூடாது. கேக்கறதுன்னா என் வாசல்ல வந்து கேளு."

அழுகைச் சத்தம். என் பக்கத்திலும் அழுதார்கள். நானும்தான் அழுதேன்.

"அப்ப கரகம் தாயே?"

"நீ தூக்கு. வெறுங்கால்ல நட."

தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பூசாரி தூக்கிவிட, தலைவர் தலையில் கரகம் ஏறியது. அக்கா ஒரு நிமிஷம் நின்றாள்.

"இவ காலுக்குச் செருப்பக் கொண்டாங்கடா."

யாரும் அசையவில்லை. அம்மன் செருப்புக் கேட்டு யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? லோகேஸ்வரிதான் காருக்கு ஓடித் தன் ஜப்பான் சிலிப்பரை எடுத்துவந்து, கீழே உட்கார்ந்து, அக்காவின் பாதங்களில் மாட்டிவிட்டாள். அக்கா தார்ச்சாலையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்து வந்தாள்.

சாயங்காலம் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வழக்கம்போலவே கேட்டாள்.

"நான் என்னடா சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்காதவளுக்குச் சொல்வது மாதிரி.

"அப்படியா சொன்னா" என்றாள்.

ஜூலை 29, திங்கள்

உடம்பு முறித்துப் போட்ட மாதிரி இருந்தது. எம்.சி. எடுத்துவிட்டேன். நாள் பூராவும் தூக்கம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அக்கா போன் பண்ணினாள். வாசலில் ஒருத்தரும் வரவில்லையாம். சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். புண்ணில் நீர் வடிவது நின்றுவிட்டதாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கெமாஸிலிருந்து ஒரு கோயில்காரர் பேசினார். லிங்கியில் அம்மன் வந்து பேசிய அதே அடி அவர்களுக்கும் வேண்டுமாம். ஒரு துண்டுகூட மாற்றக் கூடாதாம். அங்கே யார் மேல் சாமி வரும், அவர்களுக்கு என்ன வயது, உடம்பு எப்படி என்று கேட்டேன். அதெல்லாம் உனக்கு எதுக்கு தம்பி என்றார். சாமி வருகிறவரிடம் பேசாமல் தர முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா, சுதந்திர தின லீவு. அக்கா பஸ் ஏறி ராசாவுக்கு வந்திருந்தாள். என்னிடம் சொன்னால் நானே போய் ஏற்றி வந்திருப்பேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தடித்த ஷூ போட்டிருந்தாள். டாக்டர் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

லோகேஸ்வரி போட்ட மீ கோரெங்கைச் சாப்பிட்டாள். தலைவருக்கு உள்ளங்கால் கொப்பளித்து ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்வதில்லை என்றாள். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை.

மத்தியானம் நான் வேலை செய்கிற அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல ஒண்ணு போட்டியே தம்பி, வீட்டுல வந்து. அது இருக்கா?"

"எதுக்குக்கா?"

"போடு."

"காலு இப்பத்தான் ஆறியிருக்கு. பேசாம இரு."

"ஷூ போட்டுருக்கேன்ல. உக்காந்துதானே கேக்கப் போறேன். போடுடா."

போட்டேன். ஒயர் கையில் இருந்தது. உறுமல் எழுந்தது. எனக்கு மயிர்க்கால் குத்திட்டது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா கைகளை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். ஒன்றும் ஆகாமலே அடி முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவ."

இந்தத் தடவை அவளே கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். லேசாக முன்னும் பின்னும் அசைந்து பார்த்தாள், தூக்கம் வராத பிள்ளை தானே ஆடிக்கொள்கிற மாதிரி. அடி ஓடி முடிந்தது. வெளியே யார் வீட்டிலோ கார் கழுவுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டாள். கன்னம் நனைந்திருந்தது.

"அன்னிக்கு ஆத்தா பேரச் சொல்லி நான்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

பிறகு திரையைக் காட்டினாள்.

"இதுல ஏதாச்சும் மாத்திட்டியா?"

ஒரு துண்டைக்கூட நான் நகர்த்தவில்லை. ஜூனில் போட்டது அப்படியே இருக்கிறது.

"ஆமாக்கா" என்றேன். "அந்தப் பெரிய ஸ்பீக்கருக்காக நெறைய மாத்த வேண்டியதாப் போச்சு. மொதல்ல போட்டது அழிஞ்சு போச்சு."

"அதான பாத்தேன்" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. எழுந்து போய் லோகேஸ்வரியிடம் குடிக்க ஒரு தே ஓ கேட்டாள், சீனி போடாமல்.